எடை போட்டு வாங்கிய மெமரி கார்டு

கருக்குவிளை துணை சுகாதார நிலையத்துக்கு அரசாங்கம் கொடுத்த கையடக்கக் கணினி, ஊர்வாய்க்கு அது டேப்பு, வந்த நாளில் ஒரு வெற்றிலைக் கட்டு கனம்கூட இல்லாமல்தான் இருந்தது. நிலையத்து நர்ஸ் எப்சிபா சிஸ்டர் அதைத் தோள்பையில் போட்டு, டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளப்பி, ஒரு பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடும் மறுபக்கம் முருங்கைத் தோட்டமுமாக ஓடுகிற ரோட்டில் போய், ரோஸ்லினுக்குப் பிறந்த பெண்பிள்ளையின் எடை மூன்று கிலோ நூறு என்று அதில் ஏற்றி, சேமி என்கிற பொத்தானை அமுக்கினாள். அமுக்கிய கையோடு டேப்பு மூன்று கிலோ நூறு கனத்துப்போனது.

எப்சிபாவுக்கு முதலில் தன் தோளின் மேல்தான் சந்தேகம் வந்தது. ஐம்பத்திரண்டு வயதுத் தோள், முப்பது வருஷமாகத் தடுப்பூசிப் பெட்டி சுமந்த தோள், அதற்கும் ஒரு நாள் அலுத்துப்போகத்தானே செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள். மறுநாள் இரண்டு கிலோ எண்ணூறு ஒன்று ஏறியது. அடுத்த வாரம் ரெட்டைப்பிள்ளை ஏறியபோது பையின் வாரே அறுந்து டேப்பு காலில் விழுந்தது. நொண்டிக்கொண்டே போய் அதைப் பிள்ளைகளை நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தாள். அதுவரை பதிந்த நான்கு பிள்ளைகளின் எடையையும் கூட்டினால் என்ன வருமோ அதுதான் வந்தது, ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. சரி, தோள் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளுக்கு நிம்மதியாகிவிட்டது.

மாதக் கூட்டத்தில் எழுந்து சொல்லவும் செய்தாள். டேப்பு கனக்கிறது என்று அவள் சொன்னதை, வேலை கனக்கிறது என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும்தான் கனக்கிறது, உட்காருங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். திரைக்கு ஒட்டுகிற கண்ணாடி ஒன்று தபாலில் வந்தது.

ஊர் அப்படி இல்லை. கருக்குவிளையில் பிள்ளையின் எடையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கண்பட்டுவிடும் என்று, எப்சிபா கேட்டால்கூடக் காதோரம் வந்து ரகசியம் பேசுவதுபோல் சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது ஊர்ப்பிள்ளைகள் எடை மொத்தமும் ஒரு மிஷினில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே தெரிகிறது என்றால் சும்மா விடுவார்களா? டேப்பின் மூலையில் மைப்பொட்டு வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஜெபத்தில், நோயாளிகளுக்காகவும் கடலுக்குப் போனவர்களுக்காகவும் என்கிற வரிசையில் சிஸ்டர் டேப்புக்காகவும் என்று ஒன்று சேர்ந்தது. அது தூக்க முடியாத கனமானதும் நிலையத்து மேசையில் வைத்தார்கள், மேசைக்கால் மடிந்தது. தரையில் வைத்தார்கள், தரை விரிந்தது. அப்புறம் முருங்கைக்காய் மண்டி தவசிமுத்து அண்ணாச்சி கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்து போட, அதன் மேல் நிலையாக உட்கார்ந்தது. மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டால், மாமியார் வந்து கல்லோரம் உட்கார்ந்து பேரப்பிள்ளை இன்னும் இதில்தான் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவதும் உண்டு. இரண்டு வருஷத்தில் நூற்றுப் பதின்மூன்று பிள்ளைகள், முந்நூற்றுப் பதினாறு கிலோ. மின்வாரியத்திலிருந்து வந்த ஒருவர் விவரம் தெரியாமல் ஒற்றைக் கையால் நகர்த்தப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைத் தவிர, வேறு யாருக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில்.

தேரிக்கு அந்தப் பக்கம் மேட்டுத்தேரி என்று எட்டு வீடு. ரோடு கிடையாது, மணலில் ஒரு மணி நேரம் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். அங்கிருந்து பலவேசம், முருங்கைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவன், ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்து நின்றான். அவன் பெண்டாட்டி சுயம்புக்கனிக்கு மாதம் நிறையுமுன்னே பெண்பிள்ளை பிறந்து, பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, இனி தாயின் நெஞ்சோடு நெஞ்சாக ராவும் பகலும் ஒட்டவைத்துக்கொண்டால் போதும், தேறிவிடும் என்று அனுப்பியிருந்தார்கள். பிறந்த எடை ஒரு கிலோ எண்ணூறு. எப்சிபா சந்தோஷமாக அதை ஏற்றி, சேமி என்று அமுக்கினாள்.

இடம் இல்லை என்றது டேப்பு.

மறுபடி அமுக்கினாள். இடம் இல்லை. அணைத்துப் போட்டு, மூன்று வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அமுக்கினாள். இடம் இல்லை.

"என்ன சிஸ்டர் சொல்லுது?" என்றான் பலவேசம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்தான், படித்துவிட்டுத்தான் கேட்டான்.

"ஒண்ணுமில்லடே. உள்ள நிரம்பிட்டு. கை கழுவுறது எப்படின்னு ஏழு படம் ஏத்திவச்சிருக்காவ, அதை அழிக்கவும் விடாது. நீ போ, நான் பாத்துக்கிடுதேன்."

பலவேசம் போனான். பொய் சொல்லத் தெரியாத ஆள், அதுதான் அவனிடம் உள்ள ஒரே கெட்ட குணம். வீட்டுக்குப் போனதும், பதிஞ்சாச்சா என்று சுயம்புக்கனி கேட்டதற்கு, "இடமில்லைன்னு சொல்லிட்டு" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை எப்சிபா நோட்டுப் புத்தகத்தோடு மணலைக் கடந்து போனபோது, பிள்ளை பலவேசத்தின் நெஞ்சில் துண்டுக்குள் கிடந்தது. சுயம்புக்கனி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நேத்து ராத்திரியில இருந்து தூக்க மாட்டேங்கா சிஸ்டர்," என்றான் பலவேசம். "பாலைப் பீச்சித் தான்னு கேட்டா, பாலாடைச் சங்குல பாதிகூட வரல. எனக்கு என்ன செய்யன்னு தெரியல."

எப்சிபா பக்கத்தில் உட்கார்ந்தாள். "சுயம்பு, அது மிஷினு. அதுக்குள்ளதான் இடமில்ல."

சுயம்புக்கனி திரும்பவில்லை. "போன தடவயும் இதைத்தான சொன்னாவ," என்றாள்.

போன தடவை என்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், மூத்தவள், அதுவும் மாதம் நிறையாதது, ஒரு கிலோ ஐந்நூறு. அவசரத்துக்கு ஓடிய முதல் ஆஸ்பத்திரியில், குறைமாதப் பிள்ளைகளை வைக்கிற பெட்டி எல்லாம் நிரம்பிவிட்டது, இடமில்லை என்றார்கள். அடுத்த இடத்துக்குப் போகிற வழியில், ஓடுகிற வேனில், எப்சிபாவின் மடியில்தான் அதன் மூச்சு அடங்கியது. பெயர்கூட வைக்காத பிள்ளை. அந்த ஒரு வார்த்தை சுயம்புக்கனிக்குள் அன்றைக்குப் போய் உட்கார்ந்தது இன்னும் எழுந்திருக்கவில்லை. இப்போது ஊரே பொட்டு வைத்துக் கும்பிடுகிற டேப்பும் அதையே சொல்லிவிட்டது என்றால் அவள் வேறு என்ன நினைப்பாள்?

"நான் நோட்டுல எழுதிட்டேன் பாரு. பேரு, எடை, நாளு, எல்லாம் இருக்கு."

"அது நீங்க எழுதுனது சிஸ்டர். நீங்க நல்லவிய, எழுதத்தான் செய்விய. அது சொல்லட்டும். என் கண்ணு முன்னால சொல்லட்டும். இல்லன்னா இவளையும் தூக்கிப் பழகிட்டு என்னால முடியாது."

எப்சிபா பிள்ளையை நிறுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இருந்ததைவிட நாற்பது கிராம் இறங்கியிருந்தது. பலவேசத்துக்கு நெஞ்சில் வைக்கிற முறையை மறுபடி சொல்லிக்கொடுத்து, அடுத்த வீட்டுக்காரியைப் பால் பீச்சிப் புகட்டத் துணை வைத்துவிட்டு மணலில் இறங்கியபோது அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் தாங்காது என்று அவள் கைக்குத் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் நிலையத்தில் ஊர் கூடிவிட்டது. இடம் வேண்டுமென்றால் உள்ளே இருப்பதில் ஒன்றை அழிக்க வேண்டும் என்று எப்சிபா சொன்னதும், பத்துப் பேர் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்கள். யாருடையதை அழிப்பது? மூத்தது படித்துக்கொண்டிருக்கிற வீட்டில் இளையதை அழிக்கலாமா? வெளியூர் போய்விட்டவர்களுடையதை அழிக்கலாமா? போனால் என்ன, பிள்ளை பிள்ளைதானே என்று ரோஸ்லின் சண்டைக்கு வந்தாள். அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து, யார் என்று எப்சிபா இன்றைக்கும் சொல்ல மாட்டாள், ஒரு குரல் மெதுவாகச் சொன்னது: "அந்தச் செத்த பிள்ளை ஒண்ணு கிடக்கே சிஸ்டர். அதே வீட்டுப் பிள்ளைதான. அதை எடுத்துட்டு இதை வைங்களேன்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. எப்சிபாவின் விரலும் அதன் மேல் போய்விட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பட்டியலில் ரெட்டைப்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது அது. பெண். பெயரிடப்படவில்லை. ஒரு கிலோ ஐந்நூறு. அழி என்று அமுக்கினாள். உறுதியா என்று கேட்டது டேப்பு. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மிஷினுக்கு இருக்கிற புத்தி நமக்கு இல்லையே என்று அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது, தன் மேல்தான். இல்லை என்று அமுக்கினாள்.

"இது உலகத்துல இருந்ததுக்கு இந்த ஒரு இடம்தான் இருக்கு," என்றாள். "இதையும் துடைச்சிட்டு அவகிட்ட நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்? எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ஒண்ணையும் அழிக்க மாட்டேன். மெமரி கார்டு வாங்கிப் போடப் போறேன்."

அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று ஊர் பெருமூச்சு விட்டது. விட்டதும் ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடி அலமாரி, சாமிப்படத்துப் பின்புறம், தையல் டப்பா என்று துழாவி, இருந்த கார்டையெல்லாம் கொண்டுவந்தார்கள். ஒன்றில் கல்யாணப் பாட்டு இருந்தது, ஒன்றில் கபடி. ஒன்றில் என்ன இருந்தது என்று பார்க்குமுன் கொண்டுவந்தவனே பிடுங்கிக்கொண்டு ஓடினான். எல்லாம் சின்னது, பழையது. தவசிமுத்து அண்ணாச்சி மட்டும் அசையாமல் நின்று, சட்டைப் பையிலிருந்து தங்க எழுத்துப் போட்ட ஒன்றை எடுத்தார். "ஐந்நூத்திப் பன்னெண்டு ஜிபி. திருவிழாக் கடையில வாங்குனது. ஊருக்கு என் காணிக்கை, வச்சிக்கிடுங்க."

எப்சிபா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு நேரே பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். பாத்திரத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்காத கை அவளுடையது.

டவுனில் மொகுதூம் என்று ஒரு செல்போன் கடைக்காரர். பேச ஆரம்பித்தால் வாடிக்கையாளரை விடமாட்டார், ஆனால் பொய் பேச மாட்டார். தங்க எழுத்துக் கார்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சிஸ்டர், உங்க டேப்பு அறுபத்தி நாலுக்கு மேல படிக்கவே படிக்காது. இது ஐந்நூத்திப் பன்னெண்டாம்! மேல எழுதியிருக்கது ஒரு அளவு, உள்ள இருக்கது ஒரு அளவு. போட்டா போட்டுட்டேன்னு காட்டும். தேடுனா இருக்காது."

"அப்ப எதை வாங்க?"

"பெரிசு பாக்காதிய. பளபளப்பு பாக்காதிய. போட்டதைத் திருப்பித் தருதான்னு மட்டும் பாருங்க. அது கடைக்காரன் சொல்லித் தெரியாது, நான் சொன்னாலும் தெரியாது. முழுசா நிரப்பிப் பாத்தாத்தான் தெரியும்." அவர் மூன்று கார்டை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்தார். "மூணையும் கொண்டுபோய்ச் சோதிங்க. தேறுனதை வச்சிக்கிட்டு மத்ததைத் திருப்பித் தாங்க. நிரப்பிப் பாக்க ஒரு நாள் ஆகும், பொறுமையா செய்யணும்."

ஒரு நாளா? எப்சிபாவுக்கு இருந்ததே ஒரு நாள்தான். ஆனால் நிரப்பிப் பார்ப்பதற்கு மொகுதூமிடம் இல்லாத ஒரு வசதி கருக்குவிளையில் இருந்தது. அது அவளுக்கு பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. தோன்றியதும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள், பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

புதன்கிழமை காலையில் எட்டு லோடுமேன்கள் டேப்பை டிராக்டரில் ஏற்றி, மண்டியில் முருங்கைக்காய் மூட்டை நிறுக்கிற எடைமேடையில் இறக்கினார்கள். முந்நூற்றுப் பதினாறு என்று சிவப்பு எண் எரிந்தது. முதலில் அண்ணாச்சியின் கார்டு. மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா. எப்சிபா அதைச் செருகி, ரோஸ்லின் மகளை நகலெடுத்துப் போட்டாள். எண் மூன்று கிலோ நூறு ஏறியது. ஊர் கைதட்டியது. அடுத்தது இரண்டு கிலோ எண்ணூறு, ஏறியது. ரெட்டைப்பிள்ளை இரண்டும் ஏறின. ஐந்தாவது பிள்ளையைப் போட்டாள்; நகல் எடுக்கப்பட்டது என்று திரை சொன்னது, எண் அசையவில்லை. ஆறாவது, ஏழாவது, பத்தாவது. எடுக்கப்பட்டது, எடுக்கப்பட்டது என்று டேப்பு சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்க, மேடை கல்லாக நின்றது.

"அப்ப எம் பிள்ளை எங்க போச்சு?" என்று ஆறாவது பிள்ளையின் தாய் அலறினாள்.

"நகல்தான் போயிட்டு, உம் பிள்ளை உள்ளதான் இருக்கு, கத்தாத," என்றாள் எப்சிபா. அண்ணாச்சி கார்டைப் பிடுங்கி வெயிலில் எறிந்துவிட்டு, தன் மேடையே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று அதை ஒரு உதை உதைத்தார். அப்புறம் கால் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், "மேடை மட்டும் பொய் சொல்லாது, பாத்துக்கிடுங்க," என்று பெருமையும் பட்டுக்கொண்டார்.

மொகுதூமின் முதல் கார்டு எழுபத்தாறாவது பிள்ளையில் நின்றுவிட்டது. இரண்டாவதில் எல்லாம் ஏறின, ஆனால் கழற்றி மாட்டியபோது இருபது கிலோ குறைந்தது. மூன்றாவது, கறுப்பாக, ஒரு அலங்காரமும் இல்லாமல், அறுபத்தி நாலு என்று மட்டும் எழுதியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒருவரும் வீட்டுக்குப் போகாமல் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எடையையும் எப்சிபா வாசிக்க வாசிக்க, பெற்றவர்கள் ஏறிட்டு, ஏறிட்டு என்று சொல்லச் சொல்ல, கடைசிப் பெயருக்கு மேடை அறுநூற்று முப்பத்திரண்டில் வந்து நின்றது. கழற்றி மாட்டினாள். அதேதான். பிறகு உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு எல்லாரையும் கார்டிலேயே குடிவைத்தாள். முந்நூற்றுப் பதினாறு, ஒரு கிராம் பிசகவில்லை. யாரோ வெல்லம் கொண்டுவந்து எல்லார் வாயிலும் போட்டார்கள். கருக்குவிளையில் முதன்முறையாகப் பிள்ளைகளின் எடை ஒவ்வொன்றும் வாய்விட்டு ஊரறியச் சொல்லப்பட்டது அன்றைக்குத்தான், யாருக்கும் கண்படவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. இனி அதைச் சுயம்புக்கனியின் கண் முன்னால் சொல்லவைக்க வேண்டும். பச்சைப்பிள்ளையைத் தேரிக்காற்றில் தூக்கி வர முடியாது. டேப்புதான் போக வேண்டும்.

வியாழக்கிழமை விடிந்ததும் டிராக்டர் தேரி ஓரம்வரை போனது. மணலில் சக்கரம் வைத்தது, நாலு சுற்றுச் சுற்றியது, அச்சு வரைக்கும் புதைந்தது. பனந்தடி போட்டார்கள், தடி புதைந்தது. லோடுமேன்கள் எட்டுப் பேரும் டேப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், முழங்கால் புதைந்தது. எப்சிபா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் பிள்ளை மூன்றாம் நாளில் இருக்கிறது. இங்கே இவ்வளவு பேர் இவ்வளவு செய்தும் ஒரு மணி நேர நடை தாண்ட முடியவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ரோஸ்லினுக்கு சிஸ்டர் அழுது பார்த்துப் பழக்கமில்லை. வாய்க்கொழுப்பாக ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று, டேப்பின் மேல் ஒரு விரலை வைத்து, "சரி விடுங்க. எம் பிள்ளைய நான் தூக்கிக்கிடுதேன். மத்ததை நீங்க தூக்குங்க," என்றாள்.

தூக்கிக்கொண்டிருந்த எட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "குறையுது," என்றான் ஒருவன். "கொஞ்சம் குறைஞ்சிட்டு."

ரோஸ்லினின் கை மட்டும் கீழே இழுத்தது; மூன்று கிலோ நூறு. அவளுக்கு அது பழகிய கனம்தான். அவ்வளவு போதாதா? ரெட்டைப்பிள்ளைக்காரி ஓடிவந்தாள், அவளுக்கு இரண்டு பங்கு. தகப்பன்மார் வந்தார்கள். எட்டாத ஆள்கள் முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்தார்கள், அந்தத் தோளில் இன்னொருவர், அதில் இன்னொருவர் என்று வால் நீண்டுகொண்டே போக, ஊருக்குப் போன் பறந்து வராதவர்களும் வந்து சேர, திருப்பூரில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "நானும் தூக்குதேன், போனை டேப்புப் பக்கத்துல வைங்க," என்றாள், வைத்தார்கள், அதுவும் எடுபட்டது. லோடுமேன்கள் எட்டுப் பேர் நாலு பேரானார்கள், நாலு இரண்டானது, கடைசியில் அவர்களுக்கு வேலை இல்லாமல் போய் ஓரமாக நின்றார்கள். எப்சிபா டேப்பைத் தன் தோள்பையில் போட்டுக்கொண்டாள்.

முழுக்கக் காற்றாகிவிடவில்லை. கொஞ்சம் கனம் மிச்சம் இருந்தது. யாருடையது விட்டுப்போனது என்று ரோஸ்லின் தலை எண்ணப் போனாள். எப்சிபா எண்ணவில்லை, ஒரு கிலோ ஐந்நூறு எப்படி இருக்கும் என்று அவள் மடிக்குத் தெரியும். பையை நெஞ்சுப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் பின்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி கருக்குவிளை மொத்தமும் சிவப்பு மணலில் நடந்து போனது.

எட்டு வீட்டு ஊருக்கு இவ்வளவு ஜனம் எப்போது வந்தது? நாய்கள்கூடக் குரைக்க மறந்துவிட்டன. எப்சிபா உள்ளே போய், சுவரைப் பார்த்துக் கிடந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து, "சுயம்பு, எந்திரிச்சு இதைப் பிடி," என்று டேப்பை நீட்டினாள். வாசலில் எல்லாரும் தோளில் போட்ட கையை எடுக்காமல் நின்றார்கள்.

சுயம்புக்கனி பிடித்தாள். பிடித்ததும் முகம் மாறியது. கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள்.

"இது மூத்தவளா?"

"ஆமா."

"அழிச்சிருப்பியன்னு நினைச்சேன்."

"அழிக்கல. யாரையும் அழிக்கல."

சுயம்புக்கனி டேப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை அது, அவசரப்படுத்த முடியாது. ஊர் வெயிலில் நின்றது. அழுது முடித்து முந்தானையால் மூக்கைத் துடைத்தபோது, அவள் மடியிலேயே வைத்து எப்சிபா சின்னவளின் விவரத்தை ஏற்றினாள். பெண். ஒரு கிலோ எண்ணூறு. "நீயே அமுக்கு," என்றாள்.

சுயம்புக்கனி அமுக்கினாள். சேமிக்கப்பட்டது என்று வந்தது. எழுத்து எழுத்தாகப் படித்து முடிக்குமுன் மடி அழுந்தியது.

"ஏறிட்டா," என்றாள், மூச்சு விடாமல். பிறகு, "இன்னும் இடம் இருக்கா சிஸ்டர்?"

"ஆயிரம் பிள்ளைக்கு இருக்கு. பெத்துத்தரத்தான் ஊர்ல ஆள் இல்ல."

வாசலில் யாரோ சிரித்தார்கள், அது வரிசையில் கடைசி ஆள்வரை போனது. சுயம்புக்கனி எழுந்து உட்கார்ந்து பலவேசத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் துண்டை அவிழ்த்துப் பிள்ளையைக் கொடுத்தான். நெஞ்சில் போட்டதும் பிள்ளை தலையை அசைத்துத் தேடியது, கண்டுபிடித்தது, இழுக்க ஆரம்பித்தது. எப்சிபா ஐந்து நிமிஷம் அதன் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பாடா என்று தூணில் சாய்ந்தாள். அவளுக்குப் பசித்தது, திங்கட்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் பசித்தது.

கிளம்பும்போது சுயம்புக்கனி சொன்னாள்: "இவளை நான் விடமாட்டேன் சிஸ்டர், கை ரெண்டும் இங்கதான் இருக்கு. டேப்புல இருக்க ரெண்டு பேரையும் நீங்கதான் கொண்டுபோய்ச் சேக்கணும்."

"சேக்குதேன்," என்றாள் எப்சிபா.

திரும்பும் வழியில் அவரவர் பிள்ளையை அவரவர் தூக்கிக்கொண்டு ஊர் பேசிச் சிரித்து வந்தது. ஒரு கிலோ ஐந்நூறும் ஒரு கிலோ எண்ணூறும் அவள் பையில் இருந்தன. பாதி மணல் தாண்டியபோதுதான் அந்தக் கனம் அவளுக்குப் புரிந்தது. மூன்று கிலோ முந்நூறு. பத்து மாதமும் நிறைந்து, ஒரு குறையும் இல்லாமல் பிறக்கிற பிள்ளையின் எடை. முப்பது வருஷத்தில் எத்தனையோ வீட்டில் அதைக் கையில் வாங்கி, நல்ல எடை என்று தாயின் காதோரம் சொல்லியிருக்கிறாள். நின்றாள். டேப்பைப் பையிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்ன சிஸ்டர், மிஷினை இடுப்புல வச்சிட்டிய?" என்றாள் பின்னால் வந்த ரோஸ்லின்.

"தோள் வலிக்கி. நீ நட," என்றாள் எப்சிபா.